முந்தின வசனம்

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கிற நேரத்தோடு சேர்ந்த ஒரு வழக்கம் உண்டு. அளந்தெடுத்த அரிசியைக் களைவதற்கு முன் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒரே குவியலாகிவிடும். புழுங்கல், பச்சரிசி, குருணை என்று பிரித்துப் பார்க்க முடியாது. சபையாரில் ஒருவரே அதை விலைக்கு எடுத்துக்கொள்வார். பணம் ஊழியத்துக்கு. கைப்பிடி அரிசி என்று இதற்குப் பெயர். மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் அந்தச் சபையின் முக்கியமான வருமானங்களில் ஒன்றாக இன்றும் நிற்கிறது.

கிறிஸ்தவக் கொடை என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கலயத்தைத்தான். அதன் பலமும் குறையும் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பனையையும் வானத்தையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களில் ரொக்கம் வருஷத்தில் சில மாதங்கள்தான் கண்ணில் படும். படுகிற ரொக்கமும் ஆண்பிள்ளையின் மடியில் இருக்கும். அரிசிப்பானை மட்டும்தான் பெண்ணின் அதிகாரத்தில் இருந்தது. பணத்தைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுப்பவர் வரிசையில் வந்திருக்கவே மாட்டாள். அரிசியைக் கேட்டதால் வந்தாள். கூட்டத்தில் உருகிப்போய்க் காதிலிருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் வருந்துகிற கொடையும் இல்லை இது. தன் வயிற்றுக்கும் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகவேண்டியதிலிருந்து அன்றாடம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பயிற்சி. உடைமையின் மேல் பிடி தளர்வது என்று பிரசங்கத்தில் சொல்வதை அந்தக் கை தினமும் செய்தது.

இதன் அருமையை வேதநாயகம் சாமுவேல் அசரியா நன்றாக அறிந்திருந்தார். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் எழும்பியபோது அதன் முதுகெலும்பாக நின்றவர். இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்தியரே ஊழியம் செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. பிறகு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள். அடுத்த வேளைக் கஞ்சிக்கு மற்றவர் நிலத்தை எதிர்பார்த்திருந்தவர்கள். அவர்களிடமும் கொடுங்கள் என்றுதான் அசரியா சொன்னார். கொடையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

ஏழைகளிடம் வாங்கலாமா என்று அதைக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வரும். ஆனால் அசரியாவை அவருடைய 1910ஆம் ஆண்டு எடின்பரோ உரையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டாரைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் பொருளையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், ஆனால் சமமாக உட்கார்ந்து பழகும் நட்பை மட்டும் கொடுக்கவில்லை. வாங்குகிறவனாகவே வைக்கப்பட்டிருப்பதன் வலியை அறிந்தவர் பேசிய பேச்சு. வாங்கிக்கொண்டே இருக்கிற சபை ஒருநாளும் தலை நிமிராது என்று அவர் கண்டார். மாதிகாப் பெண்ணொருத்தி ஒரு பிடி தானியத்தோடு பீடத்தண்டை வரும்போது, ஊரார் அவளுக்கு மறுத்த ஒன்று அவளுக்குக் கிடைத்தது. தர்மம் பெறுகிறவள் என்ற இடத்திலிருந்து தர்மம் செய்கிறவள் என்ற இடத்துக்கு அவள் நகர்ந்தாள். இதற்கு நிகரான சாதனை நம் சபைச் சரித்திரத்தில் வேறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

குறைக்கு வருகிறேன். ஒரு பிடி என்பது எல்லா வீட்டிலும் ஒரு பிடிதான். உழக்கு அரிசி பொங்குகிற வீட்டிலும் அதே கை, நாலு படி பொங்குகிற வீட்டிலும் அதே கை. உழக்கில் ஒரு பிடி போனால் கஞ்சியில் தண்ணீர் கூடும். நாலு படியில் போனால் ஒருவருக்கும் தெரியாது. தசமபாகத்திலும் இதே கோளாறு இருக்கிறது. மாதம் 8,000 ரூபாய் வாங்குகிறவர் 800 கொடுத்தால் அவரிடம் மிஞ்சுவது 7,200. இரண்டு லட்சம் வாங்குகிறவர் 20,000 கொடுத்தாலும் 1,80,000 மிஞ்சுகிறது. விகிதம் ஒன்று, பாரம் ஒன்றல்ல. இயேசுவோ கொடுத்ததை அளக்கவில்லை, மிச்சத்தை அளந்தார். இரண்டு காசு போட்ட விதவையிடம் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவர் கண்ட கணக்கு.

அந்த விதவையை நம் பிரசங்க பீடங்கள் நடத்துகிற விதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கட்டட நிதி என்றால் அவள் வருவாள். மிஷனரி ஞாயிறு என்றால் வருவாள். ஆனால் மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அவளுடைய கதைக்கு முந்தின வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. அங்கே இயேசு, விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அதைச் சொன்ன கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போடுகிறாள். கதை முடிந்தவுடன், ஆலயத்தின் கல்லழகை வியந்த சீஷனிடம் ஒரு கல்லின்மேல் ஒரு கல் நில்லாது என்கிறார். கி.பி. 70இல் ரோமர் அதை இடித்தார்கள்.

விதவையின் விசுவாசம் பெரிது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. மற்ற எல்லாரையும்விட அவள் அதிகமாகப் போட்டாள் என்று சொன்னவர் இயேசுதான். ஆனால் நீங்களும் போய் அப்படியே செய்யுங்கள் என்று அந்த இடத்தில் அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு, அவள் ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாள் என்று கேட்காத ஓர் ஏற்பாட்டின் மேல் விழுந்த தீர்ப்பும் அந்தக் காட்சியில் இருக்கிறது. விதவைகளை ஆதரிக்கவேண்டிய ஆலயம் விதவையிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் நடுவில் மிஞ்சுவது காணிக்கை விளம்பரம்தான்.

மல்கியாவுக்கும் இதே கதி. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற 3ஆம் அதிகார வாக்கைத் தொலைக்காட்சி ஊழியங்கள் ஓர் ஒப்பந்தம்போலவே படிக்கின்றன. விதைக் காணிக்கை போடுங்கள், பங்காளராகுங்கள், கடன் தீரும், வீடு கிடைக்கும், மகனுக்கு விசா வரும். ஐந்து வசனம் முன்னே போனால், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களையும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும், அந்நியனுக்கு அநியாயம் செய்கிறவர்களையும் கர்த்தர் நியாயம் விசாரிக்க வருகிறார். உபாகமம் 14ஆம் அதிகாரம் மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனோடு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் ஊரிலேயே வைக்கச் சொல்கிறது. ஏழையின் பங்கு அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கை அழித்துவிட்டு, பண்டசாலை என்றால் எங்கள் வங்கிக் கணக்கு என்று சொல்லும் உபதேசம் உலக ஆஸ்தியை வெறுக்கக் கற்பிக்கவில்லை. அதை இன்னும் வேகமாகச் சேர்க்க ஒரு வழி கற்பிக்கிறது, அவ்வளவுதான். வாடகை கட்ட வைத்திருந்ததை எடுத்து அனுப்பிய குடும்பத்துக்கு ஆசீர்வாதம் வராதபோது, உன் விசுவாசம் போதவில்லை என்ற பழியும் சேர்ந்து வருகிறது.

ஊர்ச் சபைகளில் இவ்வளவு மோசம் இல்லை. ஸ்தோத்திரப் பண்டிகையன்று கோயில் முற்றம் நிறைந்திருக்கும்: வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பாட்டி கொண்டுவந்த ஒற்றை முட்டை நூறு ரூபாயில் தொடங்கும். சென்னையிலிருந்து வந்தவர் ஐந்நூறு என்பார், மும்பைக்காரர் ஆயிரம் என்பார், எடுத்தவர் மறுபடியும் ஏலத்துக்கே விட்டுவிடுவார். அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை. பாட்டியின் முட்டைக்கு அன்று ஊரே மரியாதை செய்கிறது. ஆனால் வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற போதனைக்கும் ஒலிபெருக்கிக்கும் எப்போதும் சண்டைதான். ஏலத்தில் வாய் திறக்க முடியாதவர் பந்தலின் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஃபேன் இறக்கையிலும் பெஞ்சின் முதுகிலும் பெயர் எழுதுகிற பழக்கம் அங்கிருந்து அதிக தூரம் இல்லை.

ஆவிக்குரிய ஐசுவரியமே பெரிது, உலகப் பொருள் குப்பை என்று பேசுவதிலும் ஒரு பிசகு இருக்கிறது. நம் சபைகளை நட்டவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1799இல் முதலூர் உருவானதே, விசுவாசத்துக்காக விரட்டப்பட்ட சில குடும்பங்களுக்கு நிலம் வாங்கித்தான். மிஷனரி ரேனியஸ் 1830இல் தொடங்கிய தர்ம சங்கத்தின் வேலை என்ன? அடிபட்டு ஓடிவந்தவர்களுக்கு மனை வாங்கிக் குடிவைப்பது. அதற்கும் முந்தி, பாளையங்கோட்டையில் விதவையாக நின்று ஞானஸ்நானம் பெற்ற பிராமணப் பெண் குளோரிந்தா கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கிணறு என்று ஊரார் சொல்லும் கிணறும் அவருடைய கொடைதான். தாகத்தில் நின்றவருக்குத் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள், துரத்தப்பட்டவருக்கு நிலத்தைத்தான் கொடுத்தார்கள். பொருளை அவர்கள் வெறுக்கவில்லை. தங்கள் கையில் தங்கும் பொருளையே ஆபத்தாகக் கண்டார்கள். அதே பொருள் இல்லாதவன் கைக்குப் போகும்போது அவர்களுக்கு அது பரலோகப் பொக்கிஷமாகத் தெரிந்தது.

ஆதிச் சபைப் பிதாக்களில் ஒருவரான செசரியாவின் பசிலியு இதை இன்னும் கூர்மையாகப் பிடித்திருந்தார். கி.பி. 369ஐ ஒட்டிக் கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம். தானியத்தைக் கிடங்கில் பூட்டி விலையேற்றத்துக்குக் காத்திருந்த செல்வர்களைப் பார்த்து அவர் பிரசங்கித்தார்; தன் குடும்பச் சொத்தை விற்றார்; பசித்தவர்களைக் கூட்டிச் சோறு போட்டார். பிறகு நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு பெரிய இல்லத்தையே எழுப்பினார். உலகப் பொருள் நிலையற்றது என்ற செய்தியை அவர் கொண்டுபோனது கிடங்கு வைத்திருந்தவரிடம். நாமோ அதைப் பெரும்பாலும் கிடங்கு இல்லாதவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வட்டிக்கு வாங்கித் தவிக்கிறவரிடம் மண்ணாசை கூடாது என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது, சொல்கிறவர் அதை உணராவிட்டாலும்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எருசலேம் ஏழைகளுக்காகப் புறஜாதிச் சபைகளில் பவுல் பணம் திரட்டியபோது, தான் ஒருவராக அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆள்களையும் கூட அனுப்பினார். யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணமும் எழுதினார். அதே நிருபத்தில் இந்தக் கொடையின் நோக்கம் சமநிலை என்றும் சொல்லிவிட்டார்: ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவுக்கு. ஆண்டு வரவு செலவைச் சபையார் முன் வாசிப்பதை ஆவிக்குக் குறைவான வேலையாக நினைப்பவர்கள் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை முழுசாக வாசிக்கலாம். பங்காளர் என்று அழைக்கப்பட்டும் ஓட்டில்லாத, கேள்வி கேட்க முடியாத இடத்தில் பணம் கட்டுகிறவருக்கும் அதைச் சொல்வேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறையாக நான் எண்ணுவது கூலி. நம் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இல்லங்களிலும் ஆயாவாக, வார்டு உதவியாளாக, தற்காலிக ஆசிரியையாக இருப்பவர்கள் சம்பளம் கூட்டிக் கேட்டால், இது வேலையில்லையம்மா, ஊழியம் என்ற பதில் வருகிறது. பலன் பரலோகத்தில் என்கிறார்கள். ஆவிக்குரிய ஐசுவரியம் அங்கே கொடையின் ஊற்றாக இல்லை, கொடாமைக்குப் போர்வையாக இருக்கிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது விசுவாசிகளின் சபைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சகேயுவும் பாதிச் சொத்தை ஏழைகளுக்கு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவேன் என்றும் சொன்னான். தர்மம் ஒன்று, கொடுக்கவேண்டிய கடன் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. விடியற்காலம் மணியடித்து, கோயிலைப் பெருக்கி, கல்லறை வெட்டவும் ஓடுகிற கோயில்பிள்ளைக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பண்டிகையன்று ஏலம் தொடங்குமுன் அதே ஒலிபெருக்கியில் வாசிக்கலாம். அது அவர் குடும்பத்துக்குப் போதாதென்றால், அன்றைய வசூலிலிருந்து முதல் ஒதுக்கீடு அவருடைய சம்பளத்துக்கு, அடுத்தது சபையில் கடனில் மூழ்கியிருக்கும் வீடுகளுக்கு, அதற்குப் பிறகே கோபுரத்துக்கு என்று கமிட்டி தீர்மானம் போட ஒரே ஒரு கூட்டம் போதும்.