கிறீச்சிடும் இடுப்பு மூட்டு: பழி யார் மேல்?

பழுதுபட்ட இடுப்பு மூட்டை நீக்கிவிட்டு, அலுமினாப் பீங்கானால் ஆன பந்தையும் கிண்ணத்தையும் பொருத்தும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் பூத்தான் 1970இல் தொடங்கி வைத்தார். பீங்கான் மிகக் கடினமானது; நன்கு மெருகேறுவது; மிகக் குறைவாகவே தேய்வது. ஆயினும் இம்மூட்டைப் பெற்றவர்களுள் சிலர் நடக்கும்போதோ குனியும்போதோ, அருகில் இருப்பவர்க்கும் கேட்குமாறு 'கிறீச்' என்ற ஒலி எழுகிறது.

எண்ணெய் இடாத கதவுக் கீலைப் போலப் பீங்கான் உராய்கிறது என்று எழுதிவிட்டு அப்பால் செல்வது வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த பீங்கான் மூட்டுகள் கிறீச்சிட்டன. உயவு நீர்மம் சேர்த்ததும் ஒலி அடங்கியது. ஆனால் பரப்பில் சிறிது உலோகம் ஒட்டியிருந்தபோது, நீர்மம் இருந்தும் ஒலி எழுந்தது. கிண்ணம் பொருத்தப்படும் கோணமும் முக்கியம் என்பதைச் சிட்னி மருத்துவர்கள் 2007இல் எடுத்துக்காட்டினர். கோணம் பிழைத்தால் பந்து கிண்ணத்தின் விளிம்பில் அழுந்தும். அங்கே நீர்மப் படலம் அறுந்துபோகும்.

விடுபட்ட பாதி எது? உராய்வு அதிர்வைத் தூண்டுகிறது, ஒலிப்பது எது? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அலுமினாவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 10,000 மீட்டர். பந்தின் விட்டம் 36 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வேகத்தை விட்டத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 1,40,000 ஹெர்ட்ஸ் வரும். இது தோராயக் கணக்கே. எனினும் நம் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான் அன்றோ! நோயாளிகளிடம் பதிவான கிறீச்சொலியோ சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையில் உள்ளது. தொடை எலும்பினுள் செருகப்படும் உலோகத் தண்டின் இயல்பு அதிர்வெண்கள் இந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால், மேசையே உரக்க ஒலிப்பதை ஆய்வுக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். இங்கும் அதிர்வு பிறப்பது பீங்கானில். அதை நம் செவிக்கு எட்டச் செய்வது உலோகம். 2010இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஒரே வகைக் கிண்ணத்துடன் இரு வகைத் தண்டுகளை ஒப்பிட்டனர். ஒரு வகைத் தண்டில் மட்டும் கிறீச்சொலி மிகுந்திருந்தது. பீங்கானே முழுக் குற்றவாளி என்றால் இவ்வேறுபாடு ஏன்?

இது வெறும் சொற்போர் அன்று. பழியைப் பீங்கான்மேல் மட்டும் போட்டால், தண்டின் வடிவமும் கிண்ணத்தின் கோணமும் விசாரணையிலிருந்து தப்பிவிடும். மூட்டுகளைச் சோதிக்கும் பொறிகளும் பெரும்பாலும் சீர நீர்மத்தில் பல இலட்சம் முறை இயக்கித் தேய்வையே அளக்கின்றன. உயவு குறைந்த நிலையில், தண்டையும் சேர்த்துப் பொருத்தி ஒலியையும் அளந்தால்தான் அச்சோதனை முழுமை பெறும். தன் உடலுக்குள்ளிருந்து ஒலி கேட்டு அஞ்சும் நோயாளிக்கு, "உராய்வு" என்ற ஒரு சொல் விடையாகாது.