முந்நூறு குதிரையும் முப்பது மீட்டர் பார்வையும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் தன் வாயால் "வண்டி கொள்ளாம், ஆனா ஒரு ரசம் இல்ல" என்று சொல்ல நாளாகும். கொடுத்த பணம் அப்படி. 2025 செப்டம்பர் வரை இப்படிப்பட்ட கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் செஸ். இப்போது 40 சதவீத ஜிஎஸ்டி. அது முடிந்ததும் கேரளத்தின் சாலை வரி காத்திருக்கிறது. 20 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே போகும். இந்த வரியிலிருந்து தப்பப் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத் திரையுலகினர் சிலர் 2017இல் வழக்குகளில் சிக்கியது நினைவிருக்கலாம். இவ்வளவையும் கொட்டி வாங்கிவிட்டு அலுப்பாக இருக்கிறது என்றால் வீட்டில் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும்! அதனால் பலரும் இன்னொரு வழிக்குப் போகிறார்கள்: அதே வண்டியை மறுபடி ரசிக்கப் பார்ப்பது. எஞ்சினை ட்யூன் செய்வார்கள், எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள், விடிகாலையில் மலைப்பக்கம் ஓட்டிப் போவார்கள், ரேஸ் டிராக்கைத் தேடுவார்கள். உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழக எல்லை ஊரான காரக்கோணத்திலிருந்து பார்க்கும்போது அதில் எது மருந்து, எது நோயைக் கூட்டுவது என்பது சற்றுப் பளிச்சென்றே தெரிகிறது.

முதலில் நோய் எது என்று பார்த்துவிடுவோம். காரக்கோணத்திலிருந்து வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் போகும் சாலைகள் நேராகப் போவது அபூர்வம். ரப்பர்த் தோட்டம், வீட்டு மதில், ஒரு இறக்கம், உடனே ஒரு திருப்பம். அப்படி ஒரு திருப்பத்தின் ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் காய்ந்த தாரில், புவியீர்ப்பு விசைக்குச் சமமான பக்கவாட்டு விசையை, அதாவது ஏறத்தாழ ஒரு 'ஜி'யைத் தாங்கும். கணக்குப் போட்டால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திருப்பத்தை அது எடுத்துவிடும். ஆனால் மதில் மறைக்கிறது. கண்ணுக்கு எட்டுவது 30 மீட்டர்தான். 80இல் வருபவர் எதிரே நிற்கும் ஆட்டோவைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகுமென்றால், அதற்குள்ளேயே 33 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 30 மீட்டர். 45இல் வந்திருந்தால் மொத்தமே 29 மீட்டரில் நின்றிருக்கும்.

ஆக அந்தத் திருப்பத்துக்கு 45தான் உச்சம். போர்ஷேவுக்கும் அதுதான், மாருதி 800க்கும் அதுதான். எதிரே வருவது நிற்கும் ஆட்டோவாக இல்லாமல் பாதிச் சாலையைத் தாண்டி வரும் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸாக இருந்தால் 45கூட அதிகம்.

அலுப்பின் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 45இல் அந்தத் திருப்பம் கேட்கும் பக்கவாட்டு விசை ஒரு ஜியில் மூன்றில் ஒரு பங்குதான். மெல்லிய டயர் போட்ட பழைய சின்னக் காரில் அதுவே பெரிய சம்பவம்: உடல் சாயும், டயர் முனகும், ஸ்டியரிங் கையில் கனக்கும். அகலமான டயரும் விறைப்பான சஸ்பென்ஷனும் உள்ள வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓட்டுபவருக்கும் ஒன்றும் தெரியாது. கியருக்கும் இதே கதை. போர்ஷே கேமன் ஜிடி4 இரண்டாம் கியரிலேயே 130ஐ ஒட்டிப் போகும். கியர்கள் இவ்வளவு நீளமாக இருக்கின்றன என்று அந்தக் காரை மெச்சியவர்களே குறைபட்டார்கள். கேரளத்தில் 2023 ஜூலை முதல் நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு உச்சம் 100, சாதாரண ஊர்ச்சாலையில் 70. இரண்டாம் கியரை முழுசாக இழுத்துப் பார்க்கவே சட்டத்தில் இடமில்லாத வண்டி அது.

இப்படி யோசித்தால், ரசம் குறைந்த வண்டிக்கு ட்யூனிங் செய்வது எவ்வளவு தலைகீழான வைத்தியம் என்பது புரியும். டர்போ எஞ்சினில் மென்பொருளை மாற்றி இன்னும் சில பத்துக் குதிரைகளைக் கூட்டலாம். கூட்டினால் வண்டி விழித்துக்கொள்ளும் வேகம் இன்னும் மேலே போகிறது. சாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதல் வாரம் நெஞ்சு படபடக்கும். பிறகு பழைய அலுப்புதான், முன்பைவிட அதிக வேகத்தில். சட்டமும் இடம் கொடுக்காது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பு, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது.

எக்ஸாஸ்ட் விஷயத்தில் மட்டும் உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. போர்ஷே 2016இல் பாக்ஸ்டர், கேமன் கார்களின் ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் டர்போவை வைத்தது. வேகம் கூடியது, சத்தம் செத்தது. உலகமெங்கும் புலம்பல். சில ஆண்டுகளில் ஜிடி4க்கும் ஜிடிஎஸ்ஸுக்கும் 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் திரும்பி வந்தது. சத்தம் வெறும் பந்தா இல்லை என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆனால் அந்தச் சத்தம் எந்தச் சாலையில் கேட்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; நெய்யூரில் அறுவை சிகிச்சை செய்த எவரெஸ்ட் வீரர் சாமர்வெல்லின் பெயரில். வார்டில் படுத்திருப்பவருக்கு நடுச்சாமத்தில் உங்கள் ஆறு சிலிண்டரின் சுருதி சங்கீதமாக இருக்காது.

இனி மருந்தான பகுதிக்கு வருவோம். நான் கண்டவரை, ரசமில்லை என்று சொல்லப்படும் வண்டிகளில் பாதிக்கு நோய் வண்டியின் குணத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஒர்க்ஷாப் ஆசான் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தவரிடம் கேட்டார்: "சாரே, நீங்க இத ஓட்டியா பாத்தீங்க, தொடச்சு மட்டும் வெச்சிருந்தீங்களா?" அவர் குனிந்து பார்த்தது டயரின் பக்கச் சுவரை. அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1418. அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் வார்த்த டயர். பட்டன் தேயவில்லை, ஓடியதே கொஞ்சம். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. ஷெட்டில் தூங்கும் கார்களுக்கெல்லாம் இந்தக் கதி உண்டு. இறுகிய டயர் பிடிக்கவும் பிடிக்காது, எப்போது வழுக்கப்போகிறது என்று கைக்குச் சொல்லவும் சொல்லாது. புது டயர், கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் எழுதிய காற்றழுத்தம், ஒழுங்கான வீல் அலைன்மென்ட், நைந்த புஷ்கள் மாற்றம்: இவ்வளவும் ஒரு எக்ஸாஸ்ட் விலைக்குள் அடங்கும். யாரும் வீடியோ எடுத்துப் போடாத வேலை என்பதாலோ என்னவோ இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

இன்னொரு மருந்து, வேண்டுமென்றே சக்தியையும் பிடியையும் குறைத்துக்கொள்வது. 2012இல் வந்த டொயோட்டா 86 இதற்குப் பெயர்போனது. இந்தியாவில் விற்கவில்லை. 200 குதிரைத்திறன், டயரோ பிரியஸ் ஹைப்ரிட் காருக்குப் போடுவது. வழக்கமான வேகத்திலேயே பின்பக்கம் அசைந்து பேச வேண்டும் என்பது யோசனை. முதலில் ஓட்டிய பலருக்கும் "இவ்வளவுதானா?" என்றிருந்தது. கொஞ்ச நாள் பழகியவர்கள் விடவில்லை. அதற்காக அந்தக் குறையை நாம் மெழுகிவிடக் கூடாது: எஞ்சினின் நடு வேகத்தில் இழுவை சட்டென்று தொய்ந்தது நிஜம். அடுத்த தலைமுறையில் 2.4 லிட்டர் எஞ்சின் வைத்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். ரசிக்கப் பழகு என்று உரிமையாளருக்குச் சொல்வது, கம்பெனி செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுவதாகவும் ஆகிவிடும்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1990களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்று கூரை திறந்த இரண்டு இருக்கைக் கார் வந்தது. ரெனோவின் 1149 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், இழுவையில் குடும்பக் கார். சந்தை அதைச் சீண்டவில்லை. ஆனால் அதற்கு முன்பே கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை ஒற்றை இருக்கை ரேஸ் வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கியிருந்தார். 40 குதிரைகூட இல்லாத எஞ்சின். எடை குறைவு, தரையோடு தாழ்ந்த உட்காருமிடம், ஓட வேண்டிய இடம் ரேஸ் டிராக். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது அந்த வண்டிகளில். இரண்டிலும் சக்தி கொஞ்சம்தான். ஒன்றை அது ஓட வேண்டிய இடத்துக்காகவே செய்தார்கள், இன்னொன்றுக்கு அப்படி ஓர் இடமே இருக்கவில்லை.

இடம் என்றால் டிராக்தான். கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.7 கிலோமீட்டர் டிராக். எதிரே பஸ் வராது, மதில் மறைக்காது, தப்பு செய்தால் வெளியே மண்ணில் போய் நிற்கலாம். ஒரு நாள் பயிற்றுநரை அருகில் உட்காரவைத்து ஓட்டியவருக்குத் தன் வண்டி என்ன செய்யும் என்பது முதன்முறையாகத் தெரியும். இந்த வழக்கத்தின் சிறந்த முகம் இது. ஆனால் காரக்கோணத்துக்காரருக்குக் கோவை நானூறு கிலோமீட்டருக்கு மேல், இருங்காட்டுக்கோட்டை அதைவிட இன்னும் தூரம். சாதாரண வாகன இன்சூரன்ஸ் ரேஸையும் வேகச் சோதனையையும் விலக்கியே வைத்திருக்கிறது. சுவரில் மோதினால் சொந்தப் பணம். வருடத்துக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்கலாம். மற்ற நாட்களின் அலுப்பு அப்படியே இருக்கும். அங்கே பழகிய கை ஊர்ச்சாலையில் அடங்கியே இருக்குமா என்பது ஆளைப் பொறுத்தது.

பக்கத்தில் இருப்பது முக்கோலா–காரோடு பைபாஸ். வழவழப்பான கான்கிரீட். டிராக்குக்குப் போக முடியாதவர் கண்ணுக்கு அதுதான் டிராக். அதே பைபாஸில், விழிஞ்ஞம் அருகே முக்கோலாவில் 2022 ஜூனில் இரண்டு பைக்குகள் மோதி இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். "காலியான சாலையில் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன்" என்ற பேச்சுக்கு நான் துளியும் இடம் தரமாட்டேன். வண்டியில் விட்ட ரசத்தைச் சாலையில் போகும் அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து மீட்பது ரசனை ஆகாது.

ஓட்டுவதில் மட்டும்தான் இன்பம் என்று சாதிக்கும் ரசிகர் கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கார்கள் கல்யாண வீட்டு வாசலிலும், பள்ளிப் பெருநாளன்று தேவாலய முற்றத்திலும், வளைகுடாவிலிருந்து வந்த அண்ணன் ஊரைச் சுற்றிக் காட்டும்போதும்தான் முழுசாக வாழ்கின்றன. பிள்ளைகள் கதவைத் திறந்து உட்கார்ந்து படமெடுக்கிறார்கள். எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி லிட்டருக்குச் சில ரூபாய் மலிவாகப் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும் அந்தச் சின்னப் பயணத்தை வாரக்கடைசி இன்பமாகச் சொன்ன ஆளும் உண்டு. இதையெல்லாம் பந்தா என்று ஒதுக்குகிறவர், திருப்பத்தில் ஒரு ஜி கண்டதையே மோட்சம் என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. விற்றுவிடலாமா என்ற கேள்வியை அது எழவே விடுவதில்லை. போட்ட பணம் போகக்கூடாது என்று மேலும் பணம் போடவைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ 2016இல் 25 லட்சத்துக்கு மேல் வந்தது. அடுத்த ஆண்டே கம்பெனி விலையை 20 லட்சத்துக்குள் இறக்கியது. முதலில் வாங்கியவர் அதில் மேலும் எவ்வளவு கொட்டினாலும் அந்த 5 லட்சத்துச் சொச்சம் திரும்பாது. டயர் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, ஒரு நாள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டும் ஷெட் கதவைத் திறக்க மனமில்லை என்றால் விற்பதுதான் சரி. எங்கே விற்பது என்பதிலும் எல்லை குறுக்கே நிற்கும்: களியக்காவிளைக்கு அப்பால் வாங்குபவர் இருந்தால் என்ஓசி, தமிழ்நாட்டில் மறுபதிவு, மறுபடி ஆயுள் வரி என்று கணக்குப் போட்டு அத்தனையையும் உங்கள் விலையில் குறைத்துக் கேட்பார். திருவனந்தபுரத்துக்காரரோ கொச்சிக்காரரோ கிடைத்தால் அந்தப் பேரம் இல்லை.