தன் நோயைத் தானே சொல்லும் செட்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பூட்டு, சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாம் அரித்துப்போகும். இப்படிப்பட்ட கரையில் படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். செட்டில், ஆள் குரலைவிட அதன் ‘பீப்’ ஒலிதான் எனக்குப் பிடிக்கும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறிவிட்டதா, வோல்டேஜ் இறங்குகிறதா, அதுவே சொல்லிவிடும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சில ரிப்பீட்டர்கள் அந்தப் பீப்பை வானலையிலேயே அனுப்பும். எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணியே கோளாறு எங்கே என்பதை மெக்கானிக் கண்டுகொள்வார். மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

நான் அதிகம் ரசிப்பது ஆன்டெனா எச்சரிக்கையை. கம்ப உச்சியில் கனெக்டருக்குள் ஈரம் இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மேலே ஏறிய அலையில் ஒரு பங்கு வெளியேற வழியில்லாமல் கேபிளிலேயே திரும்பி வரும். செட் அதை அளந்து, சிவப்பு விளக்கை ஏற்றி, தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும், காய்ச்சல்காரன் வேலையைக் குறைத்துக்கொள்வதுபோல. அலைவரிசை நிலைகொள்ளாமல் நழுவினாலோ இன்னும் கண்ணியம்: அடுத்தவர் சேனலில் புகுந்து இரையாமல் வாயை மூடிக்கொள்ளும். இந்த எச்சரிக்கைப் பீப்பைத் தொல்லை என்று ஸ்பீக்கரைக் குறைத்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவர் 16ஆம் சேனலில், 156.8 மெகாஹெர்ட்ஸில், கூப்பிட்டால் கேட்கவேண்டிய செட் அது. பீப்பை அடக்காதீர்கள், களிம்பேறிய கனெக்டரை மாற்றி, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்.