பொருள்வயிற் பிரிவும் பிரித்தானியச் சட்டமும்

பொருள்வயிற் பிரிவைப் பாலைத் திணையில் வைத்துக் கற்பிக்கும்போது, பிரிந்து செல்வது தலைவனின் சொந்த முடிவென்றும், கார்காலம் தொடங்குமுன் அவன் மீள்வான் என்பதே தலைவியின் நம்பிக்கையென்றும் மாணவருக்கு நாம் விளக்குகிறோம். இன்ன தொகை கையில் வரும்வரை கணவனும் மனைவியும் கூடிவாழலாகாது என்று அரசே விதிக்கும் பிரிவைத் தொல்காப்பியர் அறியார். அத்தகைய பிரிவொன்றைப் பிரித்தானியா 2012 யூலையில் விதியாக்கியது.

பிரித்தானியப் பிரசை ஒருவர் பிறநாட்டுத் துணையைத் தம்மிடம் அழைப்பதாயின் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்டவேண்டும் என்றது அவ்விதி. 2024 ஏப்பிரலில் அத்தொகை 29,000 ஆக உயர்ந்தது. அவ்வளவு உழைக்க இயலாதவர் 88,500 பவுண் சேமிப்பைக் காட்டலாமாம்! நாளாந்தம் உழைத்து உண்பவனுக்கு இது சலுகையா, பரிகாசமா?

அதே அரசு 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண். வாரம் 40 மணிநேரம், ஆண்டின் 52 வாரங்களும் உழைப்பவன் பெறுவது ஏறத்தாழ 25,400 பவுண். கடையைக் கூட்டுபவனும் முதியோரைப் பராமரிப்பவளும் சட்டப்படி முழுக்கூலி பெற்றும் சட்டப்படி துணையுடன் வாழத் தகுதியற்றவராகின்றனர். உழைப்பாளிக்கு இது போதும் என்று ஒரு கையால் எழுதும் அரசு, குடும்பத்துக்கு இது போதாது என்று மறு கையால் எழுதுகிறது. மணவாழ்வை வர்க்க உரிமையாக்குவது இதுவன்றி வேறென்ன?

பொதுப்பணத்துக்குச் சுமை வரலாகாது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். துணைவருக்கான விசாவிலோ, அரசாங்க உதவிப்பணம் பெறலாகாது என்ற நிபந்தனை முன்னரே உண்டு. வைத்திய சேவைக்கென 2024 பெப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண் வேறு அறவிடப்படுகிறது. சுமைக்கு இத்தனை காப்பும் இருக்க, வருமான வரம்பு எதைக் காக்கிறது? இந்த வாதம் வெறும் சாக்கு என்றே நாம் கொள்கிறோம்.

இவ்விதி பெண்ணை வருத்தும் விதம் தனியே நோக்கத்தக்கது. கைக்குழந்தையுடன் இங்கிலாந்தில் தனித்திருக்கும் தாயொருத்தியை எண்ணிப் பார்ப்போம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவன் அருகிருந்தால் அவள் முழுநேர வேலைக்குப் போகலாம். முழுநேர வேலைக்குப் போனாலன்றிக் கணவனை அழைக்க முடியாது. கணவன் தன் நாட்டில் ஆசிரியனாகவோ பொறியியலாளனாகவோ உழைக்கும் சம்பளத்தையும் விதி கணக்கிற் கொள்வதில்லை. 2015இல் இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் வெளியிட்ட அறிக்கை, தந்தையையோ தாயையோ ஸ்கைப் திரையில் மட்டுமே காணும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. 2017இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் நலன் உரியவாறு கருதப்படவில்லை என்று குறைகண்டது. ஆயினும் வருமான வரம்பு கொள்கையளவில் சட்டபூர்வமானதே என்றும் தீர்ப்பளித்தது.

தென்னாசியருக்கு இது புதிதன்று. மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமன்று என்று தம்பதியரே நிரூபிக்க வேண்டுமென்ற விதியொன்று முன்னர் இருந்தது. எம் துணைக்கண்டத்து மணமகன்மாரைப் பெரிதும் தடுத்த அவ்விதியைத் தொழிற்கட்சி அரசு 1997இல் நீக்கிற்று. அன்று உள்ளத்தைச் சோதித்த அதிகாரி இன்று சம்பளச் சீட்டைச் சோதிக்கிறார்.

எமது ஊர்களிலும் இலண்டன் மணத்துக்காகக் காத்திருப்போர் பலர். வருமான வரம்பைப் பதினோராவது பொருத்தமெனச் சிரித்துச் சொல்லி ஏற்றுக்கொள்கின்றனர் எம்மவர். சீதனத்தால் மணமகனுக்கு விலை குறித்துப் பழகிய சமூகத்துக்கு, மணத்துக்கு அரசு விலை குறிப்பது அநீதியாகத் தோன்றாமற் போவதில் வியப்பில்லை. 38,700 வரை உயர்த்தும் முன்னைய அரசின் திட்டத்தைத் தொழிற்கட்சி 2024 யூலையில் நிறுத்திவைத்தபோது, ‘தப்பினோம்’ என்றனர் இங்குள்ள பெற்றோர் சிலர். 29,000 அப்போதும் அப்படியே இருந்தது.