டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரகசியம்

சிதம்பர ரகசியம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் பெட்ரோல் அம்பாசிடரின் ரகசியம் டேஷ்போர்டுக்கு அடியில், கை துழாவினால் மட்டும் எட்டும் இடத்தில்.

மஞ்சக்குப்பத்து மெக்கானிக் அண்ணன் மாட்டிய சின்ன சுவிட்ச் அது. இக்னிஷனிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, அதன் வழியாக ஓட்டிவிட்டார். ஆஃப் செய்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வராது. இந்தப் பாசாங்குதான் எனக்குப் பிடித்தது. வண்டி சத்தமே போடாமல் கிடந்தால் திருடன் ஒயரைத் தேடுவான். சுற்றிக்கொண்டே இருந்தால், 'கிழட்டு வண்டி, பெட்ரோல் ஏறலை' என்று அலுத்துப்போய் இறங்கிவிடுவான்.

பேட்டரியைத் துண்டிக்கும் திருகும் கடையில் கிடைக்கிறது. தினமும் பானட்டைத் திறக்க யாருக்குப் பொறுமை? டீசல் அம்பாசிடருக்கோ என் சுவிட்ச் உதவாது. அதில் ஸ்பார்க்கே கிடையாது, டீசல் வரத்தைத்தான் அடைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சிப்பை எஞ்சின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். எங்கள் வண்டியில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?

கடலூர் உப்புக்காற்றில் சுவிட்ச் முனைகளில் பச்சை பூக்கும். அவ்வப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்.

ஆருத்ரா தரிசனம் முடிந்து சிதம்பரத்தில் கிளம்பும்போது நாலைந்து முறை சாவியைத் திருகியும் எஞ்சின் பிடிக்கவில்லை. பின்சீட்டிலிருந்து அம்மா நிதானமாகக் கேட்டார்: “அந்தக் குட்டி சுவிட்சைப் போட்டியாடா?”