தூண்டிலில் இரை எங்கே?

மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போய் வந்த கையோடு மீன்பிடி பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஆனால் தமிழ்ச் சமணர்கள் தம் நூலாகவே கொள்ளும் திருக்குறளில், 931ஆம் குறள் தூண்டிலைத்தான் பேசுகிறது. சூதாட்டத்தில் ஜெயித்த காசு, மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரியாம். முள்ளைச் சொல்ல வள்ளுவர் வைத்த சொல் 'பொன்'. இங்கே அதற்கு இரும்பு என்று பொருள்.

இரையால் மறைந்த இரும்பு என்கிறார் பரிமேலழகர். மண்புழு கோர்த்து ஏரியில் தூண்டில் போடுபவருக்கு அது சரி. ஆனால் குறளில் இரை என்ற சொல்லே இல்லையே?

சந்தேகம் வந்தது கிராங்பெய்ட் பற்றிப் படித்தபோது. அது ஒரு பொம்மை மீன். வாயருகே ஒரு தகடு இருக்கும். படகு இழுக்கும்போது அது பொம்மையைக் கீழே இறக்கி உடலை ஆட்டும். தகடு நீளமானால் ஆழம் கூடும். அமெரிக்காவில் வால்ஐ மீனுக்கு இதை இழுப்பவர்கள் முதலில் பார்ப்பது மீன் நிற்கும் ஆழத்தை, நிறமெல்லாம் அப்புறம். பின்லாந்தின் லவுரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, அடிபட்ட மீனின் தள்ளாட்டத்தைக் கொண்டுவந்தார். முள்ளெல்லாம் வெளியிலேயே தொங்கும். மறைப்பே கிடையாது.

வள்ளுவர் காலத்தில் இது இருந்ததுன்னு சொல்ல வரலை. இரும்பு மறைந்திருந்தால் மீன் ஏமாந்தது, பாவம். சூதாடி அப்படியா? முள் அவனுக்கு நல்லாவே தெரியும். ஜெயித்த காசின் மினுமினுப்புதான் இழுக்குது. இரையும் அதுவே, முள்ளும் அதுவே. பரிமேலழகர் சேர்த்த இரையை எடுத்துவிட்டுத்தான் இப்போ இந்தக் குறளை வாசிக்கிறேன்.