உருகிய ஒயரைப் படிப்பவர்

பழைய அம்பாசடரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கும் நல்ல எலக்ட்ரீஷியன் முதலில் ஒயரைத் தடவிப் பார்ப்பார். நுனி மட்டும் கருகியிருந்தால் கோளாறு இணைப்பில்: தளர்ச்சி, அல்லது களிம்பு. நெடுக உருகியிருந்தால் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது சுமை அதிகம். ரிலே இல்லாத வண்டியின் ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு இரண்டை மாட்டினால் 16 ஆம்பியருக்கு மேல் சுவிட்ச் வழியாகவே ஓடும். பாவம், அது என்ன செய்யும்!

மீட்டர் பிறகுதான் வெளியே வரும். விளக்கை எரியவிட்டு, இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. அரை வோல்ட் காட்டினால், 10 ஆம்பியரில் அந்த இடத்தில் மட்டும் 5 வாட் சூடு. மறைந்திருந்த பழுது எண்ணாக அகப்படும் அந்த நொடிக்காகவே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரலாம். காரணம் தேடாமல் பெரிய ஃப்யூஸ் போட்டு அனுப்புகிறவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.